கருகிய போர்டுக்குப் பணம் போடலாமா?

கேள்வி: என் மகளின் லேப்டாப் 2021இல், பள்ளிப் பாடமெல்லாம் வீட்டிலிருந்தே நடந்த காலத்தில் வாங்கியது. 2023 மார்ச் வெள்ளத்தில் அலமாரி மேல் தூக்கி வைத்துக் காப்பாற்றினோம். போன மாதம் ஒரு சாயங்காலம், நல்ல இடி மழை நேரத்தில், சார்ஜில் இருந்தபோதே அணைந்துவிட்டது. கருகிய வாடை வந்தது. ஒரு கடையில் திறந்து பார்த்து, "மதர்போர்டு எரிஞ்சு போச்சு, முழுசா மாத்தணும். அந்தக் காசுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார்கள். இன்னொரு கடைக்காரர் அதே போர்டைப் பார்த்துவிட்டு, "செஞ்சிடலாம்" என்கிறார். அவர் கேட்பது புதியதன் விலையில் கால் பங்குகூட இல்லை. சார்ஜர் செருகும் துளைக்குப் பக்கத்தில் பச்சைப்பயறு அளவுக்குக் கறுப்பாக இருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். இருவரில் யார் சொல்வது உண்மை? கருகிய போர்டுக்குப் பணம் போடலாமா? மகளின் இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரை அதற்குள்தான் இருக்கிறது.
- ஒரு வாசகி, பூலோ காசாப், சிகாமட்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கேள்வியிலேயே பாதிப் பதிலை எழுதிவிட்டீர்கள். எந்த நேரத்தில் நடந்தது, சார்ஜில் இருந்ததா, கறுப்பு எங்கே, எவ்வளவு பெரிது என்று இத்தனை விவரம் சொல்பவர்கள் குறைவு. "லேப்டாப் ஓடலை, என்ன செய்யலாம்?" என்று ஒரு வரியில் வரும் கடிதங்களுக்கு நடுவில் இப்படி ஒன்று வந்தால் பதில் எழுதவே உற்சாகமாக இருக்கிறது.

முதலில் ஓர் அவசர வேலை. லேப்டாப் இப்போது வீட்டில் இருந்தால், "எதுக்கும் இன்னொரு தடவை பார்ப்போமே" என்று சார்ஜரைச் செருக வேண்டாம். உள்ளே இருக்கும் பேட்டரியின் இணைப்பையும் கடைக்காரரைக் கொண்டு கழற்றி வைத்துவிடுங்கள். சார்ஜரை எடுத்துவிட்டாலும், பழுது எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து, பேட்டரி அதற்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டே இருக்கக்கூடும். பிழைத்திருக்க வேண்டிய போர்டுகள் பல அந்த "இன்னொரு தடவை"யில்தான் செத்திருக்கின்றன.

இனி, யார் சொல்வது உண்மை? இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். முதல் கடை போர்டை முழுதாகக் கழற்றி வேறு போர்டு போடுகிற கடை. அவர்கள் கணக்கில் ஒரு மூலை கருகினாலும் போர்டு போனதுதான். இரண்டாமவர் போர்டின் மேல் இருக்கும் உதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்து மாற்றுகிறவர். டயரை மாற்றுகிறவரும் பஞ்சர் ஒட்டுகிறவரும் ஒரே டயரைப் பார்த்து வேறு வேறு பதில் சொல்வதைப் போன்றது இது. பஞ்சர் ஒட்டக்கூடிய டயரா என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தைக் கழித்துவிடுவோம். புகை வந்தால் போர்டு முடிந்தது, கறுப்பு பெரிதாக இருந்தால் சேதமும் பெரிது என்று நினைக்கிறோம். கறுப்பு காட்டுவது சூடு வெளியே வந்த இடத்தை மட்டும்தான். போர்டின் உடம்பு கண்ணாடி இழையும் எப்பாக்சி என்னும் பிசினும் சேர்ந்த பலகை. இதற்கு எஃப்.ஆர்.4 என்று பெயர்; முதல் இரண்டு எழுத்துகளும் தீயைத் தடுப்பது என்று பொருள்படும். சூடு நின்றதும் நெருப்பு தானாக அணைந்துவிடும். அதனால்தான் பெரும்பாலான போர்டுகள் ஒரு புள்ளி கருகியதோடு நின்றுவிடுகின்றன. ஒரு நாணயம் அளவுக்குக் கறுத்த போர்டு அரை நாளில் எழுந்து ஓடியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லாமல், பளபளவென்று, அடியோடு செத்துக் கிடந்த போர்டையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம் மின்னல் மேல். அன்று இடி மழை என்பதால் மனம் அங்கேதான் போகும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் உங்கள் பக்கம் சாயங்கால இடி இல்லாத வாரம் அரிது. எந்த லேப்டாப் கெட்டாலும் பக்கத்தில் ஓர் இடி இருக்கும்! மின்னல் மின்கம்பி வழியாக வந்திருந்தால் வழியில் முதலில் நிற்பது சார்ஜர். அடி பெரும்பாலும் அதற்குத்தான் விழும். ஆகவே அந்தச் சார்ஜரை ஒரு மல்டிமீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டர் என்பது மின்னழுத்தமும் மின்தடையும் அளக்கிற கைக்கருவி, எந்தக் கடையிலும் இருக்கும். சார்ஜர் இன்னும் 19 வோல்ட் சரியாகக் கொடுக்கிறது, வீட்டில் மோடம், தொலைக்காட்சி எதுவும் கெடவில்லை என்றால், மின்னலை அநேகமாக விட்டுவிடலாம்.

அப்படியானால் கருகியது எதனால்? சார்ஜர் துளைக்குப் பக்கத்தில் கருகும் போர்டுகளில் நான் அதிகம் பார்த்தவை இரண்டு காரணங்கள்.

முதல் காரணத்தை உங்கள் மகளிடம் ஒரு கேள்வி கேட்டே தெரிந்துகொள்ளலாம். சார்ஜர் முனையை ஆட்டி, ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தால்தான் சார்ஜ் ஏறும் என்கிற நிலை முன்பே இருந்ததா? இருந்திருந்தால் துளையின் கால்கள் ஈயப் பற்றிலிருந்து தளர்ந்திருக்கும். தளர்ந்த இடத்தில் தொட்டும் தொடாமலும் மின்சாரம் பாயும்போது சிறு பொறிகள் பறக்கும், அந்த இடம் மாதக்கணக்கில் வெந்துகொண்டே இருக்கும். ஒருநாள் கருகும். அன்று இடி இடித்தது தற்செயல்.

இரண்டாவது காரணம் கெப்பாசிட்டர். மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கி வைத்து ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்கிற உதிரி அது, மின்தேக்கி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். போர்டில் இருப்பவற்றுள் பல கடுகைவிடச் சிறியவை, பெரியது ஓர் அரிசியின் பாதி இருக்கும். பழுப்பு நிறப் பீங்கான். தலைமுடியைவிட மெல்லிய நூற்றுக்கணக்கான அடுக்குகளை உள்ளே வைத்து அழுத்திச் செய்தது. பீங்கான் வளையாது, விரிசல்தான் விடும். திறந்திருக்கும் லேப்டாப்பை ஒரு கையால் மூலையைப் பிடித்துத் தூக்குகிறோம் அல்லவா, அப்போது போர்டு இம்மியளவு வளைகிறது. பல வருடம் அப்படித் தூக்கினால் ஏதோ ஒரு கெப்பாசிட்டருக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். பிறகு ஈரக்காற்று உள்ளே போகும், அடுக்கோடு அடுக்கு ஒட்டும், ஷார்ட் ஆகும். ஷார்ட் என்றால், மின்சாரம் போக வேண்டிய வழியை விட்டுவிட்டுக் குறுக்கு வழியில் பாய்வது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. முழு ஷார்ட் ஆபத்து குறைந்தது. அது நடந்தால் சார்ஜர் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை உணர்ந்து தன்னையே நிறுத்திக்கொள்ளும். சார்ஜர் விளக்கு மினுங்கும், அவ்வளவுதான். கருக வைப்பது அரைகுறை ஷார்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 19 வோல்ட் சார்ஜர், விரிசல் விட்ட இடத்தில் 8 ஓம் தடை. ஓடும் மின்னோட்டம் 2.4 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. 65 வாட் சார்ஜர் 3.42 ஆம்பியர் வரை கொடுக்கக்கூடியது, எனவே அதற்கு எதுவும் தப்பாகத் தெரியாது, கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த அரிசித் துணுக்கில் 45 வாட் சூடு இறங்கும். பற்றவைக்கிற சால்டரிங் கோலின் சூடு ஏறக்குறைய அதே அளவு. அதை ஒரு கடுகின் மேல் வைத்து அழுத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வந்த வாடை அதுதான்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிகாமட்காரர்கள் 2006 கடைசியிலும் 2011 ஜனவரியிலும் 2023இலும் வீட்டுச் சாமான்களை மேலே ஏற்றி வைத்துப் பழகியவர்கள். நீங்கள் காப்பாற்றிய லேப்டாப்புக்குள் தண்ணீர் போகவில்லை என்றால் நல்லது. ஆனாலும் போர்டை ஒருமுறை பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். உதிரிகளின் காலடியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஈரம் போயிருக்கிறது என்று அர்த்தம். கருகல் ஓர் இடத்தில் இருக்கும். ஈரம் எங்கே எங்கே அரித்திருக்கிறது என்று சொல்ல முடியாது. அரித்த போர்டைப் பழுது பார்க்க நான் எப்போதும் தயங்குவேன்.

சரி, காரணம் போகட்டும், பிழைக்குமா என்பதற்கு வருவோம். இதற்கு டிஎன்பி நமக்கு மின்சாரம் கொண்டுவரும் விதத்தை நினைத்துப் பாருங்கள். பெரிய கோபுரங்களில் 275 கிலோவோல்ட்டாக வருகிறது. படிப்படியாக இறங்கி ஊருக்குள் 11 கிலோவோல்ட் ஆகிறது, கடைசியில் வீட்டுக்குள் 230 வோல்ட்டாக நுழைகிறது. லேப்டாப் போர்டும் ஒரு குட்டி ஊர். சார்ஜர் 19 வோல்ட் கொடுக்கிறது; யூஎஸ்பி-சி வகையானால் 20. அது போர்டுக்குள் 5 ஆகவும் 3.3 ஆகவும் இறங்கி, எல்லாக் கணக்கையும் போடுகிற சிபியுவுக்குப் போய்ச் சேரும்போது ஏறக்குறைய 1 வோல்ட் ஆகிவிடுகிறது.

ஊருக்கு வெளியே ஒரு கம்பத்தில் பியூஸ் போனால் ஊர் இருட்டாகும், வீட்டுச் சாமான் எதுவும் கெடாது. அதே 11 கிலோவோல்ட் கம்பி அறுந்து வீட்டு லைன் மேல் விழுந்தால் தெரு முழுக்கத் தொலைக்காட்சியும் குளிர்பெட்டியும் எரியும். போர்டிலும் நாம் கேட்க வேண்டியது இந்த ஒரு கேள்விதான்: பழுது கம்பத்திலா, கம்பி வீட்டு லைன் மேல் விழுந்துவிட்டதா? எவ்வளவு கறுப்பு என்பது அப்புறம்.

கம்பி விழுவது எப்படி என்றால், 19 வோல்ட்டை 1 வோல்ட்டாக இறக்கும் இடத்தில் மாஸ்ஃபெட் என்கிற உதிரிகள் இரண்டிரண்டாக நிற்கும். மாஸ்ஃபெட் என்பது மின்சாரத்துக்கான மடைக்கதவு. மேல் மடை 19 வோல்ட்டைத் திறந்துவிடும், கீழ் மடை தரையோடு இணைக்கும். நொடிக்கு லட்சக்கணக்கான தடவை மாறி மாறித் திறந்து மூடி 1 வோல்ட்டை உண்டாக்குகின்றன. மேல் மடை கெட்டுத் திறந்தபடியே நின்றுவிட்டால் 19 வோல்ட்டும் நேராகச் சிபியுவுக்குள் பாயும். சிபியு அந்தக் கணமே செத்துவிடும். இப்போதுள்ள பெரும்பாலான லேப்டாப்களில் சிபியு போர்டோடு சேர்த்து ஒட்டியது, எனவே அங்கே செலவு செய்வது வீண். அந்த நிலையில் முதல் கடைக்காரர் சொன்னதுதான் சரி.

உங்கள் படத்தில் கறுப்பு இருப்பது துளைக்குப் பக்கத்தில், மின்சாரம் நுழைகிற வாசலில். நம் உவமையில் அது ஊருக்கு வெளியே உள்ள கம்பம். நல்ல அறிகுறி. அங்கே இருப்பவை பெரும்பாலும் அகலமான செம்புப் பட்டைகள், மின்சாரத்தைச் சுமப்பது மட்டுமே அவற்றின் வேலை. ஒரு பட்டை எரிந்துபோனால் கனமான கம்பி ஒன்றைப் பற்றவைத்துப் பாலம் போடலாம். இதே பச்சைப்பயறு சிபியுவுக்கும் ரேமுக்கும் நடுவில் இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அங்கே ஓடுபவை நீளம்கூட மில்லிமீட்டர் கணக்கில் பொருந்தியிருக்க வேண்டிய நுண்ணிய தடங்கள், அவை பலகையின் உள்ளடுக்குகளிலும் ஓடும். கம்பி வைத்து ஒட்டி அவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அடுத்து ஆழம். கடைக்காரர் முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் என்ற, சீக்கிரம் ஆவியாகிற துப்புரவுத் திரவத்தால் கறுப்பைத் துலக்குவார். புகைப் படலம் போனதும் நம்ப முடியாத அளவுக்குச் சிறியதாகத் தெரியும். உதிரி மட்டும் வெடித்து, பச்சைப் பூச்சு லேசாகக் கருகியிருந்தால் கவலையில்லை. குழி விழுந்திருந்தால்தான் கவனம் வேண்டும். எரிந்த பிசின் கரியாகிறது, கரி மின்சாரத்தைக் கடத்தும். புது உதிரியைப் போட்டுவிட்டுக் கரியை அப்படியே விட்டால் இரண்டு வாரத்தில் அதே இடம் மறுபடி வேகும். கரி முழுவதும் போய், வெளிறிய சுத்தமான கண்ணாடி இழை தெரிகிறவரை சுரண்டி எடுத்து, மேலே எப்பாக்சி நிரப்ப வேண்டும். "சுரண்டி எடுத்தீர்களா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட வாடிக்கையாளரிடம் யாரும் அரைகுறை வேலை செய்ய மாட்டார்கள்.

நல்ல கை எப்படி வேலை செய்யும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒருமுறை என் மேசைக்கு வந்த போர்டில் 19 வோல்ட் லைன் முழு ஷார்ட், கருகல் எங்கேயும் இல்லை. அந்த லைனில் முப்பதுக்கு மேல் கெப்பாசிட்டர்கள், எது கெட்டது என்று கண்ணால் தெரியாது. அளவு பார்த்துக் கொடுக்கும் மின்வழங்கியில் 1 வோல்ட் மட்டும் வைத்து அந்த லைனுக்குள் விட்டேன். 1 வோல்ட் என்பதற்குக் காரணம் இருக்கிறது: எங்கேயாவது மடை திறந்து கிடந்தாலும் சிபியுவுக்கு அது ஆபத்தில்லாத அளவு. பிறகு போர்டு மேல் ஆல்கஹாலைத் தடவினேன். முழுப் பரப்பும் ஈரமாக மின்னிக்கொண்டிருக்க, ஓர் ஓரத்தில் ஒரே ஒரு துணுக்கு மட்டும் இரண்டு நொடியில் காய்ந்துபோனது. கெட்டது அதுதான், அது மட்டும் சூடாகியிருந்தது. எடுத்துவிட்டு, சில சென் விலையுள்ள புதியதை வைத்ததும் லேப்டாப் எழுந்தது. வேலை இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்கான கூலி வருடக்கணக்கில் கற்றுக்கொண்டதற்கு. நியாயமாகக் கேட்டால் பேரம் பேசாதீர்கள்.

இனி பணம். வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். அதே மாடல், ஓடுகிற நிலையில், இன்று பழையதாக என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். பழுதுக்கூலி அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் நான் யோசிக்காமல் சரி என்பேன். பாதியை நெருங்கினால் பேட்டரியின் நிலை, திரை, விசைப்பலகை எல்லாம் பார்த்துத்தான். பாதியைத் தாண்டினால் வேண்டாம். வயதும் முக்கியம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 பட்டியலிலோ இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிபியு பெரும்பாலும் இல்லை. அப்படிப்பட்ட பழைய இயந்திரத்துக்கு நான் பெரிய செலவு சொல்ல மாட்டேன். உங்களுடையது 2021இல் புதிதாக வாங்கியது, அநேகமாகத் தப்பிக்கும்.

போர்டையே மாற்றுவது பாதுகாப்பான வழி என்று தோன்றும். ஆனால் இந்த வயது லேப்டாப்புக்குக் கிடைக்கும் போர்டு பெரும்பாலும் வேறொரு லேப்டாப்பில் ஓடிக் கழன்றது. அதன் வரலாறு யாருக்கும் தெரியாது. விண்டோஸ் உரிமமும் பழைய போர்டில்தான் பதிந்திருக்கும், மறுபடி செயல்படுத்த வேண்டி வரலாம்.

மகளின் ஆய்வுக் கட்டுரையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். என் வீடாக இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் எடுப்பேன். கோப்புகள் இருப்பது எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தில். பெரும்பாலான லேப்டாப்களில் அது ஒரு சூயிங்கம் பட்டை அளவில், ஒரே திருகில், தனியாகக் கழன்று வரும். கழற்றி ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் செருகினால் கட்டுரை வந்துவிடும். இடையில் ஒரு பூட்டு குறுக்கிடலாம். பிட்லாக்கர் என்பது விண்டோஸ் தானாகவே போட்டு வைக்கிற கோப்புப் பூட்டு. அதன் சாவி போர்டில் இருக்கிறது. வேறு கணினியில் செருகியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் கைப்பேசியிலிருந்தே நுழைந்தால் அந்த எண் பெரும்பாலும் அங்கே இருக்கும். போர்டை மாற்றுவதற்கு முன்பே அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண் எங்கேயும் இல்லை, பூட்டு இருக்கிறது என்றால் கணக்கே மாறிவிடும். அப்போது இதே போர்டைப் பிழைக்க வைப்பதுதான் கட்டுரைக்கான ஒரே வழி, பாதி விலையைத் தாண்டினாலும் செய்யலாம். புதிய ஆப்பிள் மேக் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் இதுவே. அவற்றில் சேமிப்பகமும் பூட்டும் போர்டோடு பின்னிக் கிடக்கின்றன.

ஒன்றே ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சிலர் சிப்பைச் சூடான காற்றில் வாட்டி எழுப்பித் தருவார்கள். ஓடும், மகிழ்ச்சியாக வாங்கிப் போவீர்கள், சில வாரத்தில் திரும்பச் சாகும். 2008இல் என்விடியாவின் சில கிராஃபிக்ஸ் சிப்புகள் உள் இணைப்பு தளர்ந்து கெட்டபோது உலகம் முழுக்க இந்த வைத்தியம் பரவியது. அது தள்ளிப்போடுவதுதான். எந்த உதிரி மாற்றப்பட்டது, முன்னும் பின்னும் படம், எத்தனை நாள் உத்தரவாதம், சரியாகாவிட்டால் கட்டணம் உண்டா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். பின்னால் தகராறு வந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை 5 ரிங்கிட் கட்டணத்தில் விசாரிக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது இருந்தால் போதும்.

ஒருவேளை பழுது பார்க்க முடியாது என்றே முடிவானாலும் போர்டைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் உயிரோடு இருக்கும் சிப்புகளுக்காகவே பழுது பார்ப்பவர்கள் விலை கொடுத்து வாங்குவார்கள். பேட்டரியை மட்டும் வீட்டுக் குப்பையில் போடாதீர்கள், மின்கழிவு சேகரிப்பு இடத்தில் கொடுங்கள்.

உங்கள் காரியத்துக்கு வருகிறேன். எஸ்எஸ்டியைக் கழற்றிக் கட்டுரையை எடுத்த பிறகு, அந்த இரண்டாவது கடைக்காரரிடம் இரண்டு அளவு கேளுங்கள்: 19 வோல்ட் லைனுக்கும் தரைக்கும் இடையே எத்தனை ஓம், 19 வோல்ட் லைனுக்கும் சிபியு லைனுக்கும் இடையே எத்தனை ஓம். முதல் எண் மிகச் சிறியதாக இருந்தால் பயப்பட வேண்டாம், கெட்ட உதிரியை எடுத்ததும் அது ஏறும். அதை எடுத்த பிறகு அளக்கிற இரண்டாவது எண்தான் தீர்ப்பு. அது பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் கம்பி வீட்டு லைன் மேல் விழுந்துவிட்டது, புதியதைப் பாருங்கள். நன்றாக உயர்ந்த எண் வந்து, கூலியும் மேலே சொன்ன கணக்குக்குள் இருந்தால், அவர் கேட்கும் தொகைக்குத் தாராளமாகச் சரி சொல்லுங்கள். சிபியு லைனுக்கும் தரைக்கும் இடையே ஓரிரண்டு ஓம் மட்டும் காட்டி யாராவது "சிபியு ஷார்ட்" என்று சொன்னால் நம்பிவிட வேண்டாம். இப்போதைய சிபியுக்களில் அது இயல்பாகவே அவ்வளவு குறைவாக இருக்கும்.

இந்த அளவுகளைக் கேட்டதும் அவர் மல்டிமீட்டரை எடுத்தால் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறீர்கள். எடுக்காவிட்டால், மூடியைப் பூட்டி லேப்டாப்பை வாங்கிக்கொள்ளுங்கள். 2025இலிருந்து சிகாமட்டுக்கு இடிஎஸ் ரயில் வருகிறது. கோலாலம்பூரில் லோ யாட் பிளாசா பக்கம் போர்டு வேலை செய்பவர்களைத் தேடி மகளையே ஒருநாள் அனுப்பலாம். எண்கள் கிடைத்ததும் எனக்கும் எழுதுங்கள், சார்ஜர் முனை முன்பே ஆடியதா என்பதையும் சேர்த்து.